கிளம்பிவிட்டார் என்று சொன்னேன்

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் எண்பத்தொரு மார்க் வாங்கியவள் நான். எங்கள் பள்ளியில் அந்த வருஷம் அதுதான் அதிகம். அதை நம்பித்தான் அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிமெண்ட் ஆலையில் டெலிபோன் போர்டு பார்க்கும் வேலைக்கு மனுப் போட்டேன். இன்டர்வியூவில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள், தடுமாறாமல் படித்தேன். ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள், பிழையில்லாமல் எழுதினேன். பேசச் சொல்லவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் வேலையில் சேர்ந்தேன்.

வீடு பெரம்பலூரில். கணவருக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை. அவர் ஒரு திசையில் போவார், நான் எதிர்த் திசையில் போவேன். காலையில் சோறும் குழம்பும் வைத்து, மகளைக் கிளப்பிப் பக்கத்து வீட்டில் விட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குள் போர்டு முன்னால் உட்காரலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டு பஸ் ஊர்ந்து போகும். வேலை தொடங்கும்போதே பாதி நாள் உழைத்துவிட்ட அலுப்பு இருக்கும்.

போர்டு என்பது துளைகள் வரிசையாக வைத்த ஒரு மரப்பெட்டி. யாராவது போனை எடுத்தால் அவருடைய துளைக்கு மேல் ஒரு சின்ன மூடி விழும். அதில் ஒயரைச் செருகிப் பேசி, அவர் கேட்கிற இடத்துக்கு இன்னொரு ஒயரால் இணைக்க வேண்டும். வேலை கடினமில்லை, இரண்டு நாளில் கை பழகிவிட்டது. பழகாதது காதுதான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. போனில் வந்த ஆங்கிலத்தில் ஆன், ஆஃப், அப், அவுட் என்று துண்டுச் சொற்கள் எல்லாவற்றுக்கும் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. வாலை மாற்றினால் அர்த்தமே வேறாகிவிடும் என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் வாரம் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பேச்சின் நடுவில் “ஹேங் ஆன்” என்றார். ஹேங் என்றால் தொங்கவிடுவது, மாட்டுவது. போனை மாட்டச் சொல்கிறார் என்று நினைத்து இணைப்பை எடுத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் “ஹேங் ஆன்” என்றார். மறுபடியும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் இரு என்றுதான் அவர் சொல்லியிருந்தார். மூன்றாம் முறை அவர் என்னிடம் பேசவே இல்லை, நேராக மேலாளரைக் கேட்டார். இன்னொரு முறை ஒரு பெரிய அதிகாரி “கெட் பேக்” என்று ஏதோ சொன்னார். திரும்பி வருகிறாராம் என்று நான் சொல்ல, விருந்தினர் விடுதியில் அவருக்குச் சமையல் நடந்தது. அவர் திரும்பக் கூப்பிடுவதாகத்தான் சொல்லியிருந்தார். அன்று செய்த கோழிக் குழம்பை டிரைவர்கள் சாப்பிட்டார்கள்.

ஆபீஸே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் கூடச் சிரித்துவைத்தேன். ஆனால் அதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. புரியாவிட்டால் கேட்பதில்லை. “யெஸ் சார்” என்று சொல்லிவிட்டு, காதில் விழுந்ததை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டு, தெரிந்த சொற்களை வைத்து அர்த்தத்தை நானே கூட்டிக்கொள்வேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

சுரங்கத்தில் ஓர் இளம் இன்ஜினியர் இருந்தார். ஆந்திராவில் கிருஷ்ணா நதிப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊர் வெயிலும் புழுதியும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். தமிழ் பத்து வார்த்தை தெரியும். தினமும் சாயங்காலம் போர்டு அறை வாசலில் நின்று, தனக்கு போன் ஏதும் வந்ததா என்று கேட்பார். அவருடைய அப்பாவுக்குக் கண்ணில் புரை. திருச்சியில் வைத்தியம் பார்க்கலாம், கிளம்பி வாருங்கள் என்று இரண்டு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பயிரைக் காரணம் சொல்லி வராமலே இருந்தார். இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னது.

ஆடி மாதம் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு அவருடைய ஊரிலிருந்து அவருக்கு ஒரு டிரங்கால் வந்தது. கிணற்றுக்கடியிலிருந்து கத்துவது போல ஒரு வயதானவரின் குரல். இன்ஜினியரைக் கேட்டார். அவர் சுரங்கத்துக்குள் இருந்தார், அங்கே போன் கிடையாது. அப்படியானால் செய்தி எழுதிக்கொள் என்றார் அந்தப் பெரியவர். “ஃபாதர் பாஸ்ட் அவே திஸ் மார்னிங்.” எழுதிக்கொண்டேன். புரிந்ததா என்று கேட்டார். “யெஸ் சார்” என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது.

சாவுக்கு எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான், எக்ஸ்பயர்ட். தந்தியில் அதுதான் வரும், லீவு லெட்டரில் அதைத்தான் எழுதுவோம். ‘பாஸ்ட் அவே’ என்பதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பாஸ் என்றால் கடந்து போவது. அவே என்றால் தூரமாக. அப்பா இன்று காலை ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இரண்டு மாதக் கடிதங்களை வைத்துப் பார்த்தால் வேறு எப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். “யுவர் ஃபாதர் ஹாஸ் ஸ்டார்ட்டட், சார்.”

அவர் நம்ப முடியாமல் பார்த்தார். கிளம்பிவிட்டதாகவா சொன்னார்கள், அப்படியே சொன்னார்களா என்று கேட்டார். அந்த நிமிஷம் என் கைக்கடியில்தான் சீட்டு இருந்தது. அதைத் தூக்கி அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இவள் கேட்டதை எழுதுவாளே தவிர இவளுக்கு ஒன்றும் புரியாது என்று நினைப்பாரே என்று இருந்தது. “யெஸ் சார், தே செட் ஸ்டார்ட்டட்” என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டது ஒன்று. அப்படியே சொன்னார்கள் என்று சொன்னது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல.

அவர் விரல்களில் கணக்குப் போட்டார். இன்று ராத்திரி ரயில், நாளை காலை மெட்ராஸ், நாளை மத்தியானத்துக்கு மேல் அரியலூர். சாயங்காலமே ஆளைப் பிடித்து ஒரு கயிற்றுக் கட்டிலைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனார். மறுநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அந்த மறுநாள் மூன்று மணிக்குத் தந்தி வந்தது. முதல் நாளே கொடுத்த தந்தி, எங்கேயோ தங்கித் தங்கி வந்திருந்தது. தபால் பார்க்கும் கிளார்க் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த சுரங்கத்து சார் எங்கங்க? வீட்டுல துக்கம் போல” என்று என்னிடம் நீட்டினார். ஃபாதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இம்மீடியட்லி. தேதி நேற்றைய தேதி.

சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தேன். ‘பாஸ்ட் அவே’ என் கையெழுத்தில் அழகாக இருந்தது. போர்டை டைப்பிஸ்டிடம் விட்டுவிட்டு, ஜீப் டிரைவரைக் கெஞ்சி ஸ்டேஷனுக்குப் போனேன். “நீங்க ஏங்க வரீங்க, நான் குடுத்துட்டு வரேன்” என்றார் அவர். நான்தான் போகணும் என்றேன். காரணம் சொல்லவில்லை.

இன்ஜினியர் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் மெட்ராஸ் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பையில் சாத்துக்குடி. மத்தியான ரயில் வந்து போயிருந்தது. அடுத்த ரயிலில் வருவார் என்று காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தந்தியைக் கொடுத்தேன், சீட்டையும் கொடுத்தேன். இரண்டையும் படித்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

“யூ ஹவ் ரிட்டன் இட் கரெக்ட்லி” என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மெட்ராஸ் போகிற ரயில் வந்தது. போட்டிருந்த உடையோடு ஏறினார். சாத்துக்குடிப் பை பெஞ்சிலேயே இருந்தது. டிரைவர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கப் பார்ப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஊரில் அன்று மத்தியானம் வரை இவருக்காகக் காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்களாம். மூத்த பிள்ளை இருக்கத் தம்பி கொள்ளி வைத்தான் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். அதில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை. பதினேழு நாள் கழித்து அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்ததும் அவரிடமும் எழுதி வாங்கினார்கள். “லைன் சரியில்லை” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கையோடு என்னை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவருக்கு ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நம்மூர்ல மட்டும் என்ன வாழுது?” என்றார். “‘பெரியவரு தவறிட்டாரு’ன்னு சொல்றோம். தமிழ் தெரியாதவன் கேட்டா, எங்க தவறினாரு, பஸ்ஸத் தவற விட்டுட்டாரான்னுதான் நெனப்பான்.”

“அவன் கேட்டுத் தெரிஞ்சுக்குவான். நான் கேக்கல.”

“ஆமா” என்றார். “அது தப்புதான்.” அவர் சமாதானம் சொல்கிற ஆள் இல்லை.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆசையினால் அல்ல, பயத்தினால். பழைய படிவங்களின் பின்பக்கத்தைத் தைத்து ஒரு நோட்டுச் செய்தேன். போனில் காதில் விழுகிற ஒவ்வொரு வால் சொல்லையும் அதில் எழுதினேன். புட் ஆன் என்றால் போட்டுக்கொள்வது. புட் ஆஃப் என்றால் கழற்றுவது என்று எழுதிவைத்தேன். தள்ளிப்போடுவது என்று தெரிந்ததும் அடித்துவிட்டு எழுதினேன். புட் அவுட் என்றால் அணைப்பது. புட் அப் என்றால் ஆபீஸில் ஃபைலை மேலே அனுப்புவது, வெளியில் ஒருவரை வீட்டில் தங்க வைப்பது. அதோடு ஒரு வித் சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது. ஒரே வார்த்தை இத்தனை வீட்டில் வேலை பார்த்தால் யார்தான் அடையாளம் வைத்திருக்க முடியும் என்று சலிப்பாக வரும். கெட் என்ற சொல் மட்டும் பதினோரு பக்கம் தின்றது. அதற்கப்புறமும் அது தீரவில்லை.

மேலாளரின் ஸ்டெனோ திருச்சி பொன்மலைக்காரி. வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நோட்டையும் திறப்பேன். முதலில் பொறுமையாகச் சொன்னாள். பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது.

“ஃபயர் பத்தி எரிஞ்சா பர்ன் டவுன்னும் சொல்றீங்க, பர்ன் அப்னும் சொல்றீங்க. கீழயா மேலயா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு யோசித்தாள். “எனக்குத் தெரியலடி. வாயில வருது, சொல்றோம். இப்படியே கேட்டுக்கிட்டிருந்தா எனக்கே மறந்துடும். சாப்பிடுற நேரமாவது என்னை விடேன்.”

அதிலிருந்து அவளிடம் நாளைக்கு இரண்டு மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மீதிக்கு என் வழிதான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு முணுமுணுப்பேன். ரன் அவுட், ரன் இன்டு, ரன் ஓவர். கண்டக்டர் ஒருவர், “என்னங்க, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

வீட்டில் நான் அரிசி களையும்போது கணவர் நோட்டை வைத்துக்கொண்டு கேட்பார். எட்டாவதோடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

“லுக் ஆஃப்டர்?”

“பாத்துக்கறது.”

“லுக் ஃபார்?”

“தேடறது.”

“லுக் டவுன் ஆன்?”

“எளக்காரமாப் பாக்கறது.”

“நம்மள்லயும் இருக்குல்ல. ஏறப் பாக்கறது, எறங்கப் பாக்கறதுன்னு” என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியைப் படிப்பதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். அரவைக் காலத்தில் அவருக்கு இரண்டு ஷிப்ட் சேர்ந்து வரும். நோட்டு அவர் மடியிலேயே கிடக்கும். மகள் அதில் யானை வரைந்திருக்கிறாள்.

இப்படி நாலு வருஷம். நடுவில் ஐந்தாறு மாதம் நோட்டைத் தொடாமலும் இருந்திருக்கிறேன். இரண்டாவது பிரசவம், அதற்கப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. திரும்பி வந்து பார்த்தால் படித்ததில் பாதி போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் சட்டென்று எல்லாம் வந்துவிடவில்லை. மெட்ராஸிலிருந்து பேசுகிறவர்களிடம் திணறுவது குறைந்தது, அவ்வளவுதான். புரியாததை, “சாரி சார், இன்னொரு தடவை, வேற மாதிரி சொல்லுங்க” என்று கேட்கவும் பழகினேன். நோட்டிலிருந்த எல்லாவற்றையும்விட அதைச் சொல்ல வருவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

எண்பத்து நாலில் தலைமை அலுவலகத்திலிருந்து கிரேடு உயர்வுக்கு இன்டர்வியூ பண்ண வந்தார்கள். அதில் ஒருவர் ஜன்னலில் படிந்த சிமெண்ட் தூசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஹவ் டூ யூ புட் அப் வித் திஸ் டஸ்ட்?” என்றார். “ஒன் கெட்ஸ் யூஸ்ட் டு இட், சார்” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கே படித்தாய் என்று கேட்டார் அவர். பெரம்பலூர் பஸ்ஸில் என்று வாய் வரை வந்தது. பெரம்பலூரில் என்று மட்டும் சொன்னேன். கிரேடு கிடைத்தது. மெட்ராஸுக்கு வருகிறாயா, ரிசப்ஷனில் போடுகிறோம் என்றும் கேட்டார்கள். எறையூரை விட்டுக் கணவர் வர முடியாது. வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. இன்னொரு ஊரில் இன்னொரு பஸ்ஸைப் பிடித்து ஓட உடம்பில் தெம்பில்லை.

அந்த வருஷமே சுரங்கத்து இன்ஜினியர் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினார். நாலைந்து வருஷமாக நாங்கள் இருவரும் வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் போர்டு அறை வாசலில் நிற்பதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். போகிற அன்று வந்து நின்றார். நான் காதிலிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்தேன். பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் தெரியாது. அது தெரியாதது மட்டும் இல்லை. அப்படியே சொன்னார்களா என்று நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். சீட்டு என் கையிலேயே இருந்தது.

“தெரியும்” என்று தமிழில் சொன்னார். தமிழ் இப்போது நன்றாக வந்தது அவருக்கு. “ஸ்டேஷன்ல அந்தச் சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுது.”

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“எங்கம்மா இப்பவும் கேக்கறாங்க, ஏன் லேட்டா வந்தேன்னு. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போறப்பவும் கேப்பாங்க. ரயில் லேட்டுன்னு சொல்லுவேன்.” போர்டின் துளைகளைப் பார்த்தார். “உங்களைப் பத்தி நான் சொன்னதில்ல. சொன்னா அவங்களுக்குப் புரிய வைக்க முடியாது. எனக்கே சில நாள் புரியாது.”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன். இரண்டு மூடிகள் சேர்ந்து விழுந்தன. “பாருங்க, கூப்பிடறாங்க” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். நான் உட்கார்ந்து ஒயரை எடுத்தேன்.

அன்று பஸ்ஸில் பெரம்பலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கணவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு பித்தானைப் போட்டபடி யோசித்தார்.

“சொல்லிட்டல்ல?”

“சொல்லிட்டேன்.”

“அவரு என்ன செய்வாரு பாவம். அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தான் ஆகணும்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “சின்னவனுக்குச் சளி கட்டியிருக்கு, வெந்நி வச்சுக் குடு. நான் போயிட்டு வரேன்.”

சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் வெந்நீருக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.